ஐஸ் பக்டரிக்கு ஒரு பற்றரி: செல் 5 டொலர், அனுப்புகூலி 47 டொலர்!

உப்புவெளி_ஐஸ்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். திருகோணமலையில் ஒரு சின்ன ஐஸ் பக்டரியில் மெக்கானிக் வேலை எனக்கு. கொட்பே மீன்பிடித் துறைமுகத்திலிருந்து கடலுக்குப் போகிற வள்ளங்களுக்குத்தான் எங்கள் ஐஸில் முக்கால்வாசியும் போகிறது. கொம்பிரசரையும் உப்புத்தண்ணித் தொட்டியின் பம்புகளையும் ஓட்டுவது சுவரில் பூட்டிய ஒரு பழைய பிஎல்சி, அதாவது மெசின்களைப் புரோகிராமின்படி ஓட்டி நிறுத்துகிற ஒரு சின்னக் கணினிப் பெட்டி. போன கிழமையிலிருந்து அதன் முகத்தில் ஒரு சிவப்பு லைற் சிமிட்டுகிறது. கூட வந்த புத்தகத்தைப் புரட்டினால், உள்ளே இருக்கிற பற்றரி முடியப் போகிறதாம், முடிந்தபின் கரண்ட் போனால் புரோகிராமும் போய்விடுமாம். புரோகிராம் எழுதின ஆள் இப்போது அவுஸ்திரேலியாவில்.

மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தேன். பார்வைக்கு எங்கள் பென்ரோச் பற்றரி மாதிரியேதான், ஆனால் 3.6 வோல்ற் என்று போட்டிருக்கிறது, இரண்டு வயரும் நுனியில் ஒரு குட்டி வெள்ளைப் பிளக்கும். மெசின்காரரின், அதாவது பிஎல்சி செய்த கொம்பனியின், பெயர் போட்ட பற்றரி இணையத்தில் 14 டொலர். சரியென்று ஓடர் போடப் போனால் இலங்கைக்கு அனுப்ப 52 டொலர் கேட்கிறான். இன்னொரு கடையில் செல் 5 டொலர், கூலி 47. மூன்றாவது கடை ஒரேயடியாகக் கையை விரித்துவிட்டது, லிதியம் சாமான் இந்தப் பக்கம் அனுப்புவதில்லையாம்.

முதலாளி என்னவென்றால் “பென்ரோச் பற்றரி ஒன்றைப் போட்டு விடடா, 100 ரூபாயோடு முடியிற வேலை” என்கிறார். ஆராவது இந்தச் சாமானை மலிவாக எடுத்திருக்கிறீர்களா? கொழும்பில் கிடைக்குமா?

சந்திக்கடை:

தம்பி, செல்லின் உடம்பில் ஈஆர் என்று தொடங்கி ஏதாவது நம்பர் இருக்கிறதா பார். மெசின்காரரின் பார்ட் நம்பர் வேண்டாம், அது அவருடைய கடை நம்பர்.

உப்புவெளி_ஐஸ்காரன்:

ஈஆர்14505 அண்ணே. ரோச் அடித்துத்தான் வாசித்தேன், ஸ்ரிக்கரில் பாதி போய்விட்டது.

மீற்றர்_மாமா:

நல்லதாய்ப் போயிற்று. அப்போ நீ தேட வேண்டியது மெசின்காரரின் பற்றரியை இல்லை, வெறும் ஈஆர்14505ஐ. 14 என்றால் குறுக்களவு 14 மில்லிமீற்றர் சொச்சம், 505 என்றால் நீளம் 50.5. அதுதான் பென்ரோச் அளவு. ஈஆர் என்றால் லிதியம் தயனைல் குளோரைட்டு, திரும்பச் சார்ஜ் பண்ண முடியாத ஒரு லிதியம் வகை. இது ஒரு பொதுச் சாமான், பல நாட்டிலும் செய்கிறார்கள், பல தண்ணி மீற்றர், காஸ் மீற்றர்களுக்குள்ளும் இந்த வகைதான் இருக்கும். உன் மெசின்காரர் தனியாகச் செய்தது அந்த வெள்ளைப் பிளக்கை மட்டும். 5 டொலருக்கும் 14 டொலருக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம் அந்தப் பிளக்கும் ஸ்ரிக்கரும்தான்.

கூலி ஏன் இப்படி ஏறுகிறது என்று கேட்டால், அது கடைக்காரன் கொள்ளையடிப்பது மட்டும் இல்லை. திரும்பச் சார்ஜ் பண்ண முடியாத லிதியம் செல்லைத் தனியாகப் பார்சல் பண்ணிப் பயணிகள் விமானத்தின் சரக்கறையில் ஏற்றுவதை 2015 தொடக்கத்திலிருந்தே நிறுத்திவிட்டார்கள். சார்ஜ் பண்ணுகிற லிதியம் அயனுக்கும் 2016 ஏப்ரலிலிருந்து அதே தடை. சரக்கு விமானத்தில் ஏற்றலாம், அதற்குத் தனிப் பெட்டி, தனி லேபல், தனிப் பத்திரம். சாதாரண வெளிநாட்டுத் தபாலிலும் தனி லிதியம் செல் போகாது. ஆகவே ஒரு செல் வாங்கினாலும் முப்பது செல் வாங்கினாலும் அந்தப் பெட்டிக்கும் பத்திரத்துக்கும் காசு ஒன்றுதான். நீ ஒரு செல்லை வாங்கி முழுப் பெட்டிக்குக் கூலி கட்டப் பார்க்கிறாய்.

முதலாளியிடம் சொல்லு, பென்ரோச் பற்றரி 1.5 வோல்ற். அதைப் போட்டால் பிஎல்சி அதைப் பற்றரியாகவே கணக்கில் எடுக்காது.

கொட்பே_தம்பி:

மூன்று சார்ஜ் பற்றரியைத் தொடராகக் கட்டினால் 1.2 மூன்று முறை 3.6 வருமே? பெட்டியோடு சேர்த்து எங்கள் கடையிலேயே கிடைக்கும்.

மீற்றர்_மாமா:

கணக்குச் சரி தம்பி, வேலை பிழை. பிஎல்சிக்குள் சார்ஜர் இல்லை. அந்தச் சாதாரண நிக்கல் செல் சும்மா வைத்தாலே மாதக் கணக்கில் இறங்கிவிடும், நீ ஐஸ் பக்டரிக்கு மாதம் ஒருமுறை ஓட வேண்டி வரும். தயனைல் செல் வருசத்துக்கு ஒரு வீதம் அளவில்தான் தானாக இறங்கும், அதனால்தான் பத்து வருசம் ஒரே இடத்தில் கிடக்கிறது. இதே அளவில் 3.7 வோல்ற் சார்ஜ் செல் ஒன்றும் விற்கிறான், 14500 என்பான். அதையும் போடாதே, முழுச் சார்ஜில் 4.2 நிற்கும்.

இன்னொன்று. தயனைல் செல்லின் உடம்பில் நேரே சோல்டர் வைக்காதே. சூடு ஏறினால் வெடிக்கும், உள்ளே இருக்கிற திரவம் மூக்கையும் கண்ணையும் பதம் பார்க்கும். தகட்டுக் காது வைத்து வருகிற செல்லை வாங்கி, அந்தக் காதின் நுனியில் வயரை ஒட்டு. அல்லது வயரோடேயே வாங்கு.

அலஸ்தோட்டம்_கணக்குப்பிள்ளை:

எனக்கு வோல்ற் தெரியாது, காசு தெரியும். 47 டொலரோடு விசயம் முடியாது என்று சொல்லத்தான் வந்தேன். எங்கள் சுங்கம் பெறுமதி பார்ப்பது சாமான் விலையில் மட்டும் இல்லை, காப்புறுதியும் கூலியும் சேர்த்த தொகையில். 5 டொலர் செல்லுக்கு 52 டொலர் பெறுமதி என்று வைத்துத்தான் மற்றது எல்லாம் ஏறும், வற் வரி மட்டும் 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம். கூலியைக் குறைத்தால் வரியும் தானாகக் குறையும், இதைப் பலர் யோசிப்பதில்லை. போன வருசம் நான் ஒரு சின்ன மோட்டர் எடுத்தேன், கூலிக்கு வரி கட்டிவிட்டு வீட்டில் சொல்லாமல் இருந்தேன்.

புறக்கோட்டை_ரயில்:

இரவு ரயிலில் ஏறினால் விடியக் கொழும்பு. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் இறங்கித் தேடு, ஈஆர்14505 இருக்கும். நான் கண்டிருக்கிறேன். ஆனால் திகதியைப் பார்க்காமல் காசு கொடுக்காதே. எனக்குத் தந்த செல்லில் திகதி சுரண்டப்பட்டிருந்தது. கடைக்காரர் மீற்றரை வைத்து 3.6 காட்டுகிறது பாருங்கள் என்று முகத்தை மலர்த்தினார், நானும் நம்பி வாங்கினேன், ஆறு மாதத்தில் செத்துவிட்டது.

மீற்றர்_மாமா:

அங்கேதான் ஏமாற்று. இந்த வகைச் செல் கடைசி மூச்சு வரைக்கும் 3.6தான் காட்டும், பிறகு ஒரேயடியாக விழும். சும்மா மீற்றர் வைத்து இதில் எவ்வளவு மிச்சம் என்று ஒருத்தரும் சொல்ல முடியாது. திகதியும் உறையும்தான் சாட்சி.

விரைவுப்பொதி:

ஏன் இவ்வளவு பாடு? சீனாக் கடைக்காரனிடம் “விளையாட்டுச் சாமான்” என்று எழுதி அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணக் கூலியில் வரும். என் கூட்டாளி மூன்று தரம் எடுத்திருக்கிறான்.

மீற்றர்_மாமா:

தம்பி, நான் கோபக்காரன் இல்லை, ஆனால் இதற்குக் கோபம் வரத்தான் செய்கிறது. 2010 செப்டெம்பர் 3ஆம் திகதி டுபாயில் ஒரு சரக்கு 747 ஏறிக் கொஞ்ச நேரத்தில் சரக்கறையில் தீப்பிடித்தது, உள்ளே நிறைய லிதியம் பற்றரி. விமானியறை முழுக்கப் புகை, மீற்றர்களைக்கூடப் பார்க்க முடியாமல் திரும்பி வந்து இறக்கப் பார்த்தார்கள், இரண்டு விமானிகளும் செத்தார்கள். பெட்டியில் என்ன இருக்கிறது என்று ஏற்றுகிறவனுக்குத் தெரிய வேண்டும், அதற்குத்தான் அந்த லேபல். உன் கூட்டாளியின் மூன்று பார்சலும் யாரோ ஒருத்தருடைய காலுக்குக் கீழே பறந்திருக்கிறது.

விரைவுப்பொதி:

சரி மாமா, விளங்குது. நான் சொன்னதைத் திரும்ப எடுத்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ரொறன்ரோ_அக்கா:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். அம்மா பாலையூற்றில் தனியாக இருக்கிறா, காதுக் கருவி போட்டிருக்கிறா. அதற்கு இங்கிருந்து பற்றரி அனுப்புகிறேன், பற்றரி என்று எழுதியதும் கூரியர்காரர் முகத்தைச் சுளித்து ஒரு பெரிய தொகை சொல்கிறார்கள். இவ்வளவு நாளும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். அதுவும் லிதியமா?

மீற்றர்_மாமா:

பிள்ளை, உறையில் ஒட்டின ஸ்ரிக்கர் என்ன நிறம்?

ரொறன்ரோ_அக்கா:

நீலம்.

மீற்றர்_மாமா:

அப்போ 675. மஞ்சள் என்றால் 10, மண்ணிறம் 312, செம்மஞ்சள் 13, நீலம் 675, உலகம் முழுக்க இந்த நிறம்தான், பெயரை விட்டுவிட்டு நிறத்தைச் சொன்னாலே கடையில் எடுத்துத் தருவார்கள். இது லிதியமே இல்லை, நாகமும் (துத்தநாகம்) காற்றும். நாகம் உள்ளே இருக்கிறது, காற்று அந்தச் சின்ன ஓட்டையால் வருகிறது. லிதியத்துக்குப் போட்ட கட்டுப்பாடு இதற்கு இல்லை. “பற்றரி” என்று மட்டும் எழுதினால் லிதியம் என்று நினைத்துத்தான் சுளிக்கிறார்கள். “காதுக் கருவிக்கான நாகக்காற்றுப் பற்றரி, லிதியம் இல்லை” என்று ஆங்கிலத்தில் எழுதிச் சாதாரணச் சின்னப் பொதியாகத் தபாலில் கேட்டுப் பாருங்கள். கடை உறையைப் பிரிக்காமல் அப்படியே அனுப்புங்கள், ஒன்றோடொன்று முட்டக்கூடாது.

மலிவென்று மூன்று நான்கு வருசத்துக்குச் சேர்த்து அனுப்பாதீர்கள், எங்கள் வெக்கையில் அது தாங்காது. அம்மா ஐஸ்பெட்டிக்குள் வைக்கிறாவா என்றும் கேளுங்கள். எங்கள் ஊர் ஆக்கள் மருந்தென்றாலும் பற்றரியென்றாலும் ஐஸ்பெட்டியில்தான் வைப்பார்கள், வெளியே எடுத்ததும் ஈரம் பிடித்து அந்த ஓட்டை கெட்டுப்போகும். அலுமாரி போதும்.

ரொறன்ரோ_அக்கா:

முட்டைத் தட்டில்தான் வைத்திருக்கிறாவாம்! இப்பதான் போன் பண்ணினேன். ஸ்ரிக்கரை உரித்த உடனே கருவிக்குள் போடுகிறா, “ஒண்டும் கேக்கேல்லை” என்று திரும்ப ஸ்ரிக்கரை ஒட்டி வைக்கிறா.

மீற்றர்_மாமா:

உரித்ததும் நாலைந்து நிமிசம் மேசையில் வைக்கச் சொல்லுங்கள். காற்று உள்ளே போனால்தான் வேலை தொடங்கும். திரும்ப ஒட்டுவதால் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது, திறந்தால் திறந்ததுதான்.

சந்திக்கடை:

அக்கா, ஒரு எச்சரிக்கை. 675உம் எல்ஆர்44 என்கிற பொம்மைப் பற்றரியும் ஒரே அளவு, 11.6க்கு 5.4 மில்லிமீற்றர். அவசரத்துக்கு அதைக் காதுக் கருவிக்குள் போட்டுவிட்டு என் கடைக்கு வந்து சண்டை பிடித்த ஆக்கள் இருக்கிறார்கள். உள்ளே போகும், ஆனால் அதில் இருக்கிற சரக்கு 675இல் கால்வாசிதான், நாளோடு நாளாக இறங்கிவிடும். வீட்டில் பேரப்பிள்ளைகள் வந்து போனால் எந்தப் பொத்தான் பற்றரியையும் எட்டாத இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். சிஆர்2032 மாதிரிப் பெரிய லிதியம் ஒன்றைக் குழந்தை விழுங்கினால் இரண்டு மணித்தியாலத்திலேயே தொண்டைக் குழாய் வெந்துவிடும், வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கிற விசயம் இல்லை, ஓடு ஆஸ்பத்திரிக்கு.

நிலாவெளி_முக்குளிப்பான்:

லிதியம் கதை நடக்கும்போது நானும் என் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். புறாத்தீவுக்கு ஆக்களைக் கூட்டிப்போய் முக்குளிக்க வைக்கிற வேலை. ரோச்சுக்கு 18650 செல் வேண்டும். மலிவாகக் கிடைத்ததென்று 9900 மில்லிஅம்பியர் என்று போட்ட நாலு வாங்கினேன். தண்ணிக்குக் கீழே இருபது நிமிசத்தில் வெளிச்சம் மங்கிச் சிவந்துவிட்டது, வாடிக்கையாளர் என் முகத்தைப் பார்க்கிறார், நான் மீனைப் பார்க்கிறேன்.

பிறகு ஒரு நகைக்கடைத் தராசில் வைத்து நிறுத்தோம். என் பழைய நல்ல செல் 47 கிராம், புதுசு 31 கிராம். நல்ல 18650 எல்லாம் 45க்கும் 50க்கும் நடுவில் நிற்கும், சரக்கும் 3500 அளவில்தான். 9900 என்று எழுதியிருந்தாலே அது பொய், திறந்து பார்க்கவும் தேவையில்லை. நகைக்கடைக்காரர் கேட்டார், தம்பி இது எத்தனை கரட் என்று.

இப்போது நான் வாங்குவதே இல்லை. அறை பதியும்போதே வெளிநாட்டு விருந்தாளியிடம் கேட்டுவிடுகிறேன், வரும்போது இரண்டு நல்ல செல் கைப்பையில் கொண்டுவர முடியுமா, காசு தருகிறேன் என்று. முக்குளிக்கிற ஆள் எப்படியும் தன் ரோச்சுக்குக் கொண்டுவருவார்.

உப்புவெளி_ஐஸ்காரன்:

அண்ணே, அது எனக்கும் சரிவருமா? பெரியம்மாவின் மகன் கட்டாரில் வேலை, அடுத்த மாதம் லீவில் வருகிறான். டோகாவில் இந்தச் செல் கிடைக்கும் என்கிறான். பயம் என்னவென்றால் எயார்போட்டில் பிடித்துவிடுவார்களா என்று.

நிலாவெளி_முக்குளிப்பான்:

கைப்பையில் கொண்டுவரச் சொல்லு. சூட்கேசில் போட்டு உள்ளே அனுப்பக் கூடாது, அதுதான் பெரிய பிழை. என்னுடைய மாதிரிச் சார்ஜ் பற்றரிக்கு 100 வோட் மணி வரைக்கும் கேள்வி இல்லை, வோல்ற்றை அம்பியர் மணியால் பெருக்கினால் வரும். ஒரு 18650 எடுத்தால் 3.7ஐ 3.5ஆல் பெருக்க 13கூட வராது.

மீற்றர்_மாமா:

உன்னுடையதுக்கு வேறு கணக்கு. சார்ஜ் பண்ணாத லிதியத்துக்கு உள்ளே இருக்கிற லிதியத்தின் நிறையைப் பார்ப்பார்கள், ஒரு செல்லுக்கு 2 கிராம் வரைக்கும் கைப்பையில் விடுவார்கள். ஈஆர்14505இல் ஒரு கிராம்கூட இல்லை. கடை உறையோடு கொண்டுவரட்டும், உறை இல்லாவிட்டால் ஒவ்வொன்றின் இரண்டு முனையிலும் ரேப் ஒட்டித் தனித்தனிப் பையில். சாவிக்கொத்தோடு ஒரே பொக்கற்றில் போட வேண்டாம் என்று கட்டாயம் சொல்லு. தன் சொந்தப் பாவனைக்கு இரண்டு மூன்று என்றால் ஒருத்தரும் கேட்கமாட்டார்கள், ஐம்பது கொண்டுவந்தால் அது வியாபாரம். விமானக் கொம்பனியின் பக்கத்தையும் ஒருக்கால் பார்க்கச் சொல்லு, சிலர் இன்னும் இறுக்கமாக வைத்திருக்கிறார்கள்.

அப்புறம், பிளக் வைத்த செல் கிடைத்தால் அதையே வாங்கச் சொல்லு. ஆனால் பிளக் ஒரே மாதிரி இருந்தாலும் சிவப்பும் கறுப்பும் மாறி வரும். குத்துவதற்கு முதல் மீற்றர் வை.

கொட்பே_தம்பி:

தூண்டில் மிதவைக்குள் போடுகிற ஊசிப் பற்றரி, சிஆர்425, அதுவும் கட்டார் அண்ணன் கொண்டுவருவாரா? 3 வோல்ற், தீக்குச்சி மாதிரி. இங்கே பத்தில் நாலு எரிவதில்லை.

உப்புவெளி_ஐஸ்காரன்:

பெரியம்மாவுக்குப் பேரீச்சம்பழமும் வர வேண்டுமடா, அவனுக்கும் ஒரு பைதான். பத்து கேட்டுப் பார்க்கிறேன்.

(ஐந்து கிழமைக்குப் பிறகு)

உப்புவெளி_ஐஸ்காரன்:

வேலை முடிந்தது, எப்படி முடிந்தது என்று சொல்லாமல் போனால் மாமா கோபிப்பார்.

கட்டார்த் தம்பி மூன்று செல் கொண்டுவந்தான், வயரும் வெள்ளைப் பிளக்கும் வைத்தது, ஒன்று 20 ரியால். எயார்போட்டில் ஒருத்தர் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாராம், அவ்வளவுதான். உறையில் திகதி தெளிவாக இருந்தது. முதலாளிக்கு மூன்றின் விலையையும் சொன்னேன், தலையாட்டினார்.

கரண்ட் இருக்கும்போதே மாற்ற வேண்டும் என்று புத்தகத்தில் இருந்தது, பற்றரியைக் கழற்றி நாலைந்து நிமிசத்துக்குள் புதுசைக் குத்தினால் கரண்ட் போனாலும் தாங்குமாம். காலையில் ஐஸ் ஏற்றி முடிந்த பிறகு ஜெனரேற்றரையும் ஓடவிட்டு வைத்துக்கொண்டேன். பழையதைக் கழற்றக் கை போய்விட்டது, அப்போதுதான் மாமாவின் பேச்சு ஞாபகம் வந்தது. புதுசில் மீற்றர் வைத்தால் மைனஸ் 3.66. பழைய பிளக்கில் சிவப்பு இடப்பக்கம், புதுசில் வலப்பக்கம்! பிளக் என்னவோ அச்சு அசலாக ஒன்றுதான்.

பழையதை இன்னும் கழற்றியிருக்கவில்லை, அதனால் நிதானமாகச் செய்தேன். பிளக்கின் பக்கத்தில் இரண்டு சின்ன ஓட்டை, தையல் ஊசியால் உள்ளே இருக்கிற நாக்கை அமுக்கினால் வயர் முள்ளோடு வெளியே வருகிறது. முதலில் சிவப்பை எடுத்து முள்ளில் ரேப் சுற்றினேன், பிறகுதான் கறுப்பைத் தொட்டேன், இரண்டு முள்ளும் முட்டினால் சோட் ஆகிவிடும் என்ற பயம். மாற்றிச் செருகி, திரும்ப மீற்றர் வைத்து, 3.66 என்று கண்டபிறகு பழையதைக் கழற்றிப் புதுசைக் குத்தினேன். அரை நிமிசம்கூட ஆகவில்லை. சிவப்பு லைற் அணைந்துவிட்டது.

மிச்சம் இரண்டில் ஒன்றைக் கொட்பேக்குப் பக்கத்தில் இருக்கிற மற்ற ஐஸ் பக்டரிக்காரர் வாங்கிக்கொண்டார், அவருடைய பெட்டியிலும் அதே செல்தானாம், லைற் சிமிட்டத் தொடங்கி இரண்டு மாதமாம், அவர் அதன்மேல் கறுப்பு ரேப் ஒட்டி வைத்திருந்தார்.

மீற்றர்_மாமா:

சந்தோசம். மற்றச் செல்லின் உறையில் இன்றைய திகதியை எழுதி வை. பழைய செல்லின் முனைகளில் ரேப் ஒட்டித் தனியாக வை, குப்பையோடு சேர்த்து எரித்துவிடாதே. லப்ரொப் வைத்திருக்கிற பொடியன் ஒருத்தனைப் பிடித்து அந்தப் புரோகிராமையும் ஒருக்கால் இறக்கி வை.

ரொறன்ரோ_அக்கா:

என்னுடையதும் போய்ச் சேர்ந்தது. சாதாரணப் பொதியில் 19 நாள், முன்பு கட்டினதில் ஐந்தில் ஒரு பங்கு. பற்றரி இப்போது அலுமாரியில், சேலைக்கு நடுவில். மாமாவுக்கு அம்மா கும்பிடு சொல்லச் சொன்னா.

கொட்பே_தம்பி:

ஊசிப் பற்றரி?

உப்புவெளி_ஐஸ்காரன்:

மறந்துவிட்டானடா. பேரீச்சம்பழம் மட்டும் இருக்கிறது, வந்து எடு.